சின்னவளைக் குளிப்பாட்டுகிறவள்

மத்தியானத்தில் அந்தக் கட்டடத்தில் தண்ணீர் வராது. காலைக் குளியலெல்லாம் முடிந்ததும் மொட்டைமாடித் தொட்டியை நிரப்புவதற்காகக் குழாய்களை அடைத்துவிடுவார்கள். சாயங்காலத் தேநீர் வரும்வரை கை கழுவுவதற்குக்கூட வாளியில் பிடித்துவைத்ததுதான். அதனால், சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த பெரியவளுக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மொண்டு மொண்டு தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டபோது முதலில் பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவளின் குளியலறை. இரண்டு பேரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள் பெரியவள், தம்பியைக் கட்டிக்கொண்டு வந்தவள் சின்னவள். ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் ஆயுசைக் கழித்தார்கள். அண்ணனும் தம்பியும் போய்ச் சேர்ந்தபின் பிள்ளைகள் கூடிப் பேசி இந்த முதியோர் குடியிருப்பில் அடுத்தடுத்து இரண்டு அறைகள் பிடித்தார்கள். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு சாவி. குளிப்பாட்டவும் உடுத்திவிடவும் ஆள் வரும். “ஒருத்திக்கு ஒருத்தி பேச்சுத்துணை ஆச்சு” என்றான் பெரியவளின் மகன். பேச்சாவது, துணையாவது! அந்த வீட்டில் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் பாத்திரங்கள் மூலமாகத்தான். இவள் குடத்தை ணங்கென்று வைத்தால் அவள் மூடியால் பதில் சொல்வாள்.

மாமியார் பீரோச் சாவியைச் சின்னவளின் இடுப்பில்தான் செருகினாள். சின்னவளுக்குத் தலைவலி என்றால் வீடே செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும். பெரியவளுக்குக் காய்ச்சல் என்றால், “மாத்திரை போட்டியா?” அதோடு சரி. இப்போது பார், ஊருக்கெல்லாம் தண்ணீர் இல்லாத நேரத்தில் அவளுக்கு மட்டும் குளியல்!

பெரியவள் வேலை பார்த்ததெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில். காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தே முடி நரைத்தவள். முட்டி போய்விட்டது, கண்ணில் பாதி போய்விட்டது, காது மட்டும் போகவில்லை. அந்தக் காதுக்கு இது சாதாரணக் குளியல் இல்லை என்று தெரிந்தது. வெந்நீர் விழும்போது சத்தம் கொஞ்சம் மந்தமாக இருக்கும், இது வெந்நீர். அதையும் தலைக்கு மேலிருந்து தடாலென்று கொட்டாமல், மக்கைத் தோளோடு அணைத்துப் பிடித்து உடம்போடு வழியவிடுகிறார்கள். நடுநடுவே ஒரு கை அவசரமே இல்லாமல் முதுகைத் தேய்க்கிறது, நுரை சளசளக்கிறது, துண்டு மெத்து மெத்தென்று ஒற்றி எடுக்கிறது, எல்லாவற்றுக்கும் அடியில், குழந்தைக்குத் தலைக்கு ஊற்றும்போது வாயைத் திறக்காமலே சமாதானம் சொல்வார்களே, அந்த மாதிரி ஒரு முனகல், ம்... ம்... என்று ஓடிக்கொண்டே இருக்கிறது.

செருப்புச் சத்தம் இல்லை. வளையல் சத்தம் இல்லை. அப்படிக் குனிந்து தேய்க்கிறவளுக்கு மூச்சு வாங்க வேண்டுமே, அதுவும் இல்லை.

மறுநாள் காலை தன்னைக் குளிப்பாட்ட வந்தவளிடம் பெரியவள் கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர் அவசரம். கெட்டவள் இல்லை. ஒரு மாடி முழுக்க அவள் தலையில் கட்டியிருந்தார்கள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டே நைட்டியை உருவுவாள்; கண்ணை மூடுவதற்குள் தலையில் தண்ணீர் விழும்; குளியலறைக் கதவும், சில நாள் அறைக் கதவும்கூடத் திறந்தே கிடக்கும்; “காலை அகட்டுங்கம்மா” என்பது வராந்தாவில் போகிற ஆம்பளைகள் காதுவரை கேட்கும். காதுக்குப் பின்னால் சோப்பு காய்ந்து பொருக்காகிவிடும். கால்விரல் இடுக்குகளைத் துடைக்கிற வழக்கமே இல்லை. அங்கே வெள்ளையாக ஊறி வெடித்திருந்தது.

“சின்னம்மாவுக்கு மத்தியானமும் குளிப்பாட்டுறியா?”

“மத்தியானமா? காலையில உங்களையெல்லாம் முடிக்கவே நாக்கு தள்ளுது பெரியம்மா. கையத் தூக்குங்க.”

“சத்தம் கேட்டுச்சே.”

“தண்ணியே வராதே. கையத் தூக்குங்கம்மா, ஈரம் ஆறிடும்.”

ஈரம் ஆறவில்லை. ஈர முதுகோடுதான் நைட்டி ஒட்டிக்கொண்டது, பொத்தான் ஒரு துளை தள்ளி.

நிர்வாகி அம்மா மாடிச் சுற்றுக்கு வந்தபோதும் விடவில்லை. “பக்கத்து ரூமுக்குத் தனியா ஆள் போட்டிருக்கீங்க. அவ பிள்ளை கூடக் கொடுக்குறானா?”

நிர்வாகி சிரித்தாள். “அவங்களுக்கா? சொல்லப்போனா அவங்க ரூம்லதான் எங்களுக்கு வேலையே இல்ல. காலையில போனா பளிச்சுன்னு உக்காந்திருக்காங்க. ஒரு புகார் கிடையாது. நீங்களும் அப்படி இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்?”

அந்தக் கடைசி வாக்கியத்தை மாமியாரின் வாயிலிருந்து எத்தனை வருஷம் கேட்டிருக்கிறாள் பெரியவள்!

அன்று சாயங்காலமே நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். போய் நாளாயிற்று. சின்னவள் ஜன்னலோரம் நாற்காலியில், முடி நுனிவரை சிக்கெடுத்து, மடி மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறை முழுக்க ஒரு வாசனை. சோப்பு இல்லை, பவுடர் இல்லை, மருந்தும் இல்லை. வெயிலில் காய்ந்த கல்லில் வெந்நீரைக் கொட்டினால் வருமே, அது.

“வாங்கக்கா” என்றாள் சின்னவள்.

பெரியவள் அவள் கையைத்தான் பார்த்தாள். புறங்கையெல்லாம் கறுப்புப் புள்ளிகளும் புடைத்த நரம்புமாக இருந்த கை. இப்போது புள்ளிகளைக் காணோம். தோல், பிசைந்துவைத்த மாவு மாதிரி மொழுமொழுவென்று இருந்தது.

“யாருடி உன்னைக் குளிப்பாட்டுறா?”

“பேர் கேக்கலக்கா.”

“எப்படி இருப்பா?”

சின்னவள் யோசித்தாள். “பின்னாலதான் நிப்பா. ரொம்ப நல்லாத் தேய்ச்சுவிடுறாக்கா. எங்க வலிக்குதுன்னு கேக்குறதே இல்ல. அவளுக்கே தெரியுது.” அப்புறம் ரகசியம் போலக் குரலைத் தாழ்த்தினாள். “என் கூச்சமெல்லாம் போயிடுச்சு.”

பெரியவள் தன் காலைப் பார்த்துக்கொண்டாள். விரலிடுக்கு சுரீரென்றது.

அதன்பின் மத்தியானம் என்றாலே அவளுக்கு அதுதான் வேலை. சாப்பாட்டுத் தட்டு போனதும் குளியலறைக்குப் போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, கன்னத்தைச் சுவரில் பதித்த ஓட்டில் வைத்துக்கொள்வாள். தினமும் வந்தது. வெளியே கட்டடமே தூங்கிக்கொண்டிருக்கும். எங்கோ ஓர் அறையில் டிவி தனக்குத்தானே பேசும். குழாயைத் திருகினால் காற்றுதான் வரும். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் மக் நிறையும், வழியும், மறுபடி நிறையும், முனகல் ஓடும், கன்னத்துக்கு அடியில் ஓடு மெல்ல மெல்லச் சூடாகும். மார்பு, கழுத்து, காதுமடல் என்று எந்த இடம் என்பதைச் சத்தத்தை வைத்தே அவளால் சொல்ல முடிந்தது. தன் மார்பை, தன் கழுத்தை யாரும் அப்படித் தொட்டு எத்தனை காலம்! அவள் புருஷனே அப்படித் தொட்டதில்லை. தம்பிக்காரன் தொட்டிருப்பான். அவனுக்குப் பெண்டாட்டி என்றால் உயிர்.

இரண்டு குளியலறைக்கும் சாக்கடை ஒன்று. ஒருநாள் அவள் காலடியில் இருந்த வடிகால் கொப்பளித்துக் கொஞ்சம் தண்ணீரை மேலே தள்ளியது. இளஞ்சூடு. அதன் மேல், ஆறின பாலின் ஆடை மாதிரி ஒன்று சுருங்கிச் சுருங்கி மிதந்தது. அதில் கறுப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். பெரியவள் காலைத் தூக்கிக்கொண்டாள். வடிகால் அதை நிதானமாக உள்ளே இழுத்துக்கொண்டது.

மறுபடி சின்னவளைப் போய்ப் பார்த்தாள். பயந்துதான் போனாள், ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை. குக்கர் ஆவி அடித்து முழங்கையில் விழுந்திருந்த தழும்பு இல்லை. நெற்றியில் கோடில்லை. உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்: ரேகை இல்லை. சுத்தமான, வெறும் சதை.

“என்னடி இது?”

“நல்லா இருக்குல்லக்கா?”

“உன் பிள்ளை பார்த்தானா?”

“யாரு?”

பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். பிள்ளை பெயரைச் சொன்னாள். புருஷன் பெயரைச் சொன்னாள். சின்னவள், தெரியாத ஊரின் பெயரைக் கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

“பீரோச் சாவி? அதாவது ஞாபகம் இருக்கா? அத்தை உங்கிட்ட கொடுத்தாங்க. நான் அன்னைக்குச் சாப்பிடவே இல்ல. நீ வந்து, ‘வேணும்னா நீங்களே வெச்சுக்கங்கக்கா’ன்னு பிச்சை போடுற மாதிரி நீட்டின. நான் தட்டிவிட்டேன். அப்புறம் நாம பேசவே இல்லடி!”

“அப்படியா?” என்றாள் சின்னவள். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. “எனக்கு எதுவுமே கனக்கலக்கா.”

அறைக்குத் திரும்பிய பெரியவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இது எந்த ஊர் நியாயம்? சண்டை போட்டது இரண்டு பேர். அவள் குளித்துவிட்டுப் போய்விட்டாள். இவள் மட்டும் அத்தனையையும் சுமந்துகொண்டு, ஈர நைட்டியோடு, சொறிந்த காலோடு கிடக்க வேண்டுமா? அங்கே நடப்பது நல்லதில்லை என்று அவள் புத்திக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. புத்தி சொல்வதையெல்லாம் வயிறு கேட்கிறதா?

மறுநாள் மத்தியானம் முனகல் தொடங்கியதும் நாற்காலியிலிருந்தே குனிந்தாள். வடிகால் துளைக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே வாயைக் கொண்டுபோனாள்.

“எனக்கும் வாயேன்” என்றாள்.

முனகல் நின்றது.

தண்ணீர் நின்றது. டிவி பேசிக்கொண்டிருந்த அறைகூட வாயை மூடிக்கொண்டதுபோல் இருந்தது. வடிகாலின் இருட்டுக்குள் ஏதோ ஒன்று, அவள் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து நாளெல்லாம் கேட்டதுபோல, மறுமுனையில் யாரோ கருவியை எடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பதுபோல, கேட்டுக்கொண்டிருந்தது.

பெரியவள் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினாள். சாயங்காலம்வரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

காலையில் அவசரம் வராந்தாவில் தட்டுகளோடு போவது கேட்டது. பெரியவள் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனாள். அவசரம் பக்கத்து அறைக் கதவை முதுகால் தள்ளித் திறந்தாள், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த சின்னவளின் பின்னந்தலையைப் பார்த்து, “சின்னம்மா, டிபன் வெச்சிருக்கேன். அடடா, எவ்வளவு சுத்தம்! பாருங்க பெரியம்மா, இவங்களைப் பார்த்துக் கத்துக்கங்க” என்றாள், தட்டை மேசையில் வைத்தாள், போனைக் காதுக்கு ஏற்றினாள், போய்விட்டாள். மேசையில் நேற்று ராத்திரித் தட்டும் தொடாமல் இருந்தது. அதற்கடியில் நேற்று மத்தியானத் தட்டு.

பெரியவள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனாள்.

தேய்ந்த சோப்புக் கட்டியில் எழுத்து இருந்த இடம் லேசாக மேடு தட்டியிருக்குமே. மூக்கு அப்படித்தான் இருந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு பள்ளம், மொழுமொழுவென்று. புருவம் இல்லை. காது இல்லை. வாய் இருந்த இடத்தில் நகத்தால் கீறினதுபோல் ஒரு கோடு. தலைமுடி மட்டும் அழகாகப் பின்னி, நுனியில் முடிச்சிட்டிருந்தது.

மார்பு ஏறி இறங்கியது.

கோடு அசைந்தது. “க்கா.”

பெரியவள் அலறினாள். ஆட்கள் வந்தார்கள். நிர்வாகி வாசலிலேயே நின்று எட்டிப்பார்த்தாள். சின்னவளின் முதுகும் பின்னலும்தான் தெரிந்தன. “தூங்குறாங்கம்மா. எதுக்கு அவங்களை எழுப்புறீங்க?” என்றாள் குரலைத் தாழ்த்தி. “முகத்தப் பாருங்க, முகத்தப் போய்ப் பாருங்க!” என்று பெரியவள் கத்தக் கத்த, இரண்டு பக்கமும் அக்குளில் கைகொடுத்து அவளை வெளியே அழைத்து வந்தார்கள். யாரும் உள்ளே போகவில்லை. “கூடப் பிறந்தவங்க மாதிரி இருந்தும் எப்பப் பார்த்தாலும் அவங்க மேல காய்ச்சல்” என்று யாரோ வராந்தாவில் சொன்னார்கள்.

அன்று அவசரம் குளிப்பாட்ட வந்தபோது பெரியவள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“கொஞ்ச நேரம் இரும்மா. மத்தியானம் முடியுற வரைக்கும் இரு.”

“ஐயோ, ஆறு ரூம் இருக்கு பெரியம்மா.”

“நான் இனிமே எதுவும் கேக்க மாட்டேன். பச்சைத் தண்ணி ஊத்து, கதவத் தொறந்து வை, என்ன வேணா பண்ணு. போகாதே.”

அவசரம் ஒரு நிமிஷம் அவளை நிஜமாகவே பார்த்தாள். போன் அடித்தது. “சாயங்காலம் வரேன். நிச்சயமா வரேன், சரியா?” விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு, பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டுவிட்டுப் போனாள்.

சாப்பாட்டுத் தட்டு வந்தது. போனது.

கட்டடம் தூங்கியது.

பெரியவள் கட்டிலில் உட்கார்ந்து, சுவரில் தொங்கிய அழைப்புமணிக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். பக்கத்து அறையில் சத்தம் இல்லை. தண்ணீர் இல்லை, முனகல் இல்லை. நிமிஷங்கள் போயின. ஒன்றும் இல்லை. ஒருவேளை.

அவள் குளியலறையில் குழாய் இருமியது.

காற்று. அப்புறம் தண்ணீர். வாளி நிறைகிற சத்தம், மந்தமாக. வெந்நீர்.

கதவுக்கு அடியில் ஆவி கசிந்தது. சூடான கல்லின் வாசனை.

ம்... ம்...

இழு, என்று கையிடம் சொன்னாள். கயிற்றை இழு. கை இழுக்கவில்லை. கதவு மெல்லத் திறந்தது. உள்ளே யாரும் இல்லை. வாளி, மக், நாற்காலி. நாற்காலி மேல் துண்டு விரித்திருந்தது, உட்கார்ந்தால் சில்லென்று இருக்காதபடி. அவளுக்கு யாரும் அப்படித் துண்டு விரித்ததில்லை.

கயிறு கையிலிருந்து நழுவியது.

நடைவண்டி இல்லாமலே போனாள். முட்டி வலிக்கவில்லை. உட்கார்ந்தாள். பொத்தான்கள் ஒவ்வொன்றாக, இழுபறி இல்லாமல் கழன்றன. பின்னால் யாரோ நின்றார்கள். திரும்பவில்லை. தோளில் மக்கின் விளிம்பு பட்டது. வெதுவெதுப்பு வழிந்தது. கழுத்து. முதுகு. மார்புக்குக் கீழே வேர்த்துப் புண்ணான இடம். அப்புறம் ஒரு கட்டைவிரல் அவள் கால்விரல்களைப் பிரித்து, இடுக்கில், மெதுவாக, ஒவ்வொன்றாக.

பெரியவள் அழுதாள். பயத்தில் அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

காலடியில் தண்ணீர் சுழன்றது. பால் ஆடை. கறுப்புப் புள்ளிகள். எதுவோ கழன்று போனது, யாருடைய பெயரோ. போகட்டும். இன்னொன்று போனது. போகட்டும். கை முகத்துக்கு வந்தது. நெற்றியிலிருந்து கீழ்நோக்கி, நுரையோடு, நிதானமாக. கண் இரண்டும் இருந்தபோது அவள் கடைசியாகப் பார்த்தது குளியலறை வாசலை.

சின்னவள் வந்து நின்றிருந்தாள்.

உடம்பில் துணி இல்லை. தலை முதல் கால் வரை மடிப்பில்லாமல், கோடில்லாமல். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, காற்றைத் தடவித் தடவி, தண்ணீர் விழுகிற திசைக்கு வந்தாள். கண் இல்லாத அந்த முகத்தில் என்ன இருந்தது என்பது பெரியவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த வீட்டில் அத்தனை வருஷமும் பெரியவள் முகத்தில் இருந்தது அது. சின்னவள் முகத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை.

‘போடி, இது என் முறை’ என்று சொல்ல வந்தாள். திறப்பதற்கு வாயைத் தேடினாள்.

சின்னவளின் கை அவள் தோளைப் பற்றி நாற்காலியிலிருந்து இழுத்தது. பெரியவள் நாற்காலியின் கையை விடவில்லை. மறுகையால் சின்னவளின் பின்னலைப் பிடித்தாள். வழுக்கும் தரையில், சத்தமே இல்லாமல், முகமில்லாத இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி இழுத்துக்கொண்டிருக்க, மக் நிறைந்தது, வழிந்தது, மறுபடி நிறைந்தது.